கூட்டம் செய்த வேலை

திருக்கழுக்குன்றத்துக் கழுகைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மலைப்படி ஏறியது, உச்சி வெயிலில் பாறை காலைச் சுட்டது, குருக்கள் பாத்திரத்தோடு காத்திருந்தது, எங்கிருந்தோ இரண்டு பறவைகள் இறங்கிச் சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் போனது என்று வரிசையாகச் சொல்வார்கள். என் அம்மா கல்யாணமான புதிதில் பார்த்திருக்கிறார். காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போய்வரும் வழியில் சாப்பிட இறங்கும் முனிவர்கள் அவை என்பது ஐதீகம். 1990களின் இறுதியில் அவற்றின் வரவு நின்றுபோனது. கலி முற்றிவிட்டது என்றார்கள். பிறகு அதையும் பேசாமல் விட்டுவிட்டார்கள்.

முனிவர்கள் என்று நாம் கும்பிட்டவை மஞ்சள்முகப் பாறுகள். பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகு. பொங்கல் கிடைக்காத நேரத்தில் செத்த நாயையும் குப்பையையும் கிளறித் தின்னும். அதில் இழிவு ஒன்றுமில்லை, அதுதான் அவற்றின் பிழைப்பு. எனக்கு வேடிக்கையாக இருப்பது வேறொன்று. இந்த இரண்டு பறவைகளைப் பார்க்க பஸ் பிடித்துப் போய் மலையேறிய அதே சனம், சொந்த ஊரில் செத்த மாட்டின் மேல் கூட்டங்கூட்டமாக உட்கார்ந்திருந்த இன்னொரு வகைப் பாறுகளைக் கண்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு நடந்தது. நான் எழுத வந்தது அந்தக் கூட்டத்தைப் பற்றி.

கூட்டம் என்றால் லேசுப்பட்ட கூட்டம் இல்லை. நான் சொல்லும் அந்த வகை, வெண்முதுகுப் பாறு, 1980களில் உலகத்திலேயே எண்ணிக்கையில் மிகுந்த பெரிய இரைகொல்லிப் பறவையாக இருந்திருக்கக்கூடும் என்று பறவையியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். டெல்லி நகரத்துச் சாலையோர மரங்களில்கூட அது கூடு கட்டியது. இந்தியா முழுவதும் இருந்த பாறுகளைக் கோடிக் கணக்கில் மதிப்பிடுகிறார்கள். இவ்வளவு பறவைக்கும் தீனி எங்கிருந்து வந்தது என்பதில் நம் சமூகத்தின் கதையும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கால்நடைகள் 53 கோடிக்கு மேல். அவற்றில் பெரும்பங்கு மாடும் எருமையும் ஆடும். நாட்டின் பெரும்பகுதியில் கிழட்டு மாட்டை வெட்டித் தின்பதில்லை. அது தானாகச் செத்து விழுகிறது. விழுந்ததை ஊர் எல்லையில் கொண்டுபோய்ப் போட்டால் மேலே வட்டமிடும் பறவை ஒன்று பார்க்கும், அது இறங்குவதை மைல் கணக்கில் தள்ளிப் பறக்கும் இன்னொன்று பார்க்கும், அது இறங்குவதை அடுத்தது பார்க்கும். கூட்டம் பெரிதாக இருந்தால் ஒரு மாடு ஒரு மணி நேரத்துக்குள் எலும்புக்கூடாகிவிடும். அப்புறம் எலும்பு பொறுக்கி ஆலைக்கு விற்பவர்கள் வருவார்கள். நாறுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

பாறின் வயிற்று அமிலம் கடுமையானது. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் செத்த மாட்டைத் தின்றாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை அங்கேயே செத்துப்போகின்றன. அழுகல் கிணற்றிலும் ஓடையிலும் கலப்பதற்கு முன்பே கதை முடிந்துவிடும். இதற்கு எந்தப் பஞ்சாயத்தும் தீர்மானம் போடவில்லை, எந்தச் சட்டமன்றமும் நிதி ஒதுக்கவில்லை. நாட்டின் மிகப் பெரிய துப்புரவு ஏற்பாடு சம்பளம் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது, அப்படி ஒன்று இருந்ததாகவே யாருக்கும் தெரியாமல்.

தெரிந்தது அது நின்ற பிறகுதான். ராஜஸ்தானில் பரத்பூர் பக்கத்தில் இருக்கும் கியோலாதேவ் தேசியப் பூங்காவில் 1980களில் வெண்முதுகுப் பாறுகளின் கூடுகள் 350க்கும் மேல் இருந்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் 1990களின் பிற்பகுதியில் திரும்பவும் எண்ணியபோது பாதிக்குமேல் காணவில்லை. மரங்களில் பறவைகள் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தன. சில நாளில் விழுந்தன. 2003இல் ஒரு கூடும் இல்லை. இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் என்று எல்லா இடத்திலும் இதே நிலை. வைரஸ் என்று சந்தேகப்பட்டார்கள், பூச்சிக்கொல்லி என்று சந்தேகப்பட்டார்கள், எதுவும் பொருந்தவில்லை.

விடை பாகிஸ்தானின் பஞ்சாபிலிருந்து வந்தது. லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை நோயியலாளரின் குழு செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்த அடையாளம் அது. கிருமி எதுவும் இல்லை. இரையான மாடுகளுக்கு என்ன மருந்து கொடுக்கிறார்கள் என்று தேடிப்போனவர்களுக்கு டைக்ளோஃபெனாக் அகப்பட்டது. நம் வீடுகளில் மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் போட்டுக்கொள்கிறோமே, அதே மருந்து. 1990களின் தொடக்கத்தில் அதன் காப்புரிமை முடிந்தது, பல கம்பெனிகள் செய்ய ஆரம்பித்தன, விலை அடிமட்டத்துக்கு வந்தது. மடி வீக்கம், காய்ச்சல், நொண்டல் என்று மாட்டுக்கு எது வந்தாலும் அந்த ஊசிதான். ஊசி போட்ட இரண்டொரு நாளில் மாடு செத்தால் மருந்து உடம்பில் தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறு சில நாளில் சாகும். 2004இல் நேச்சர் இதழில் இது வெளியானது. ஒரு மருந்து ஒரு பறவை இனத்தையே துடைத்தெறிய முடியும் என்று அதற்கு முன்னால் சொல்லியிருந்தால் எவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இதில் நான் பலமுறை யோசித்த ஒரு கணக்கு உண்டு. பாறுகள் இந்த வேகத்தில் அழிவதற்கு எத்தனை சடலத்தில் மருந்து இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நூற்றில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தாலே போதும் என்று வந்தது. இங்கே கூட்டமே எமனாகிவிட்டது. ஒரு மாட்டில் ஐம்பது அறுபது பறவைகள் உட்கார்ந்தால், அந்த ஒரு மாட்டில் விஷம் இருந்தால், ஐம்பது அறுபதும் போச்சு. ஆண்டுக்கு ஒரே முட்டை, முட்டையிடும் வயதுக்கு வரவே நாலைந்து ஆண்டு. போனதை ஈடுகட்ட வழியே இல்லை. 1992க்கும் 2007க்கும் நடுவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99.9 சதவீதம் வீழ்ந்தது. ஆயிரத்தில் ஒன்று மிஞ்சியது.

சரி, ஒரு பறவை போனால் மனிதனுக்கு என்ன போச்சு?

மாடு சாவது நிற்கவில்லை. எல்லையில் போட்ட சடலத்தை இப்போது நாய் தின்றது, எலி தின்றது. நாய்க்கு ஒரு மாட்டை முடிக்க நாள் கணக்காகும், அதுவரை அது நாறும், நீரில் கலக்கும். நாயின் வயிற்றில் கிருமியும் சாகாது. தீனி தாராளமாகக் கிடைத்தால் நாய் பெருகும், நாய் பெருகினால் கடி பெருகும், கடியோடு ரேபிஸ். உலகில் ரேபிஸால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாறுகள் போனதால் 1992 முதல் 2006 வரை கூடுதலாக ஏற்பட்ட ரேபிஸ் மரணங்கள் 48,000 அளவில் இருக்கும் என்று 2008இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

அதைவிடப் பெரிய கணக்கு 2024இல் வந்தது. இயால் ஃபிராங்க், ஆனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் செய்தது. மாவட்டங்களை இரண்டாகப் பிரித்தார்கள். பாறுகள் முன்பு நன்றாக வாழ்ந்த மாவட்டங்கள் ஒரு பக்கம், அவற்றுக்கு ஒத்துவராத மாவட்டங்கள் இன்னொரு பக்கம். டைக்ளோஃபெனாக் மாட்டுக்கு வருவதற்கு முன்பு இரண்டு பக்கமும் மனிதர்களின் இறப்பு விகிதம் ஒரே போக்கில் போய்க்கொண்டிருந்தது. மருந்து வந்த பிறகு பிரிந்தது. பாறு இருந்து இல்லாமல்போன மாவட்டங்களில் இறப்பு 4 சதவீதத்துக்கு மேல் கூடியது. அந்தப் பக்கத்தில் ரேபிஸ் தடுப்பூசி விற்பனை ஏறியது, நீரின் தரம் கெட்டது. 2000 முதல் 2005 வரை மட்டும் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 5 லட்சம் பேர். ஆண்டுக்கு 69.4 பில்லியன் டாலர் இழப்பு என்று பணத்திலும் ஒரு தொகை போட்டிருக்கிறார்கள். அந்தப் பணக் கணக்கு எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. உயிருக்கு இத்தனை ரூபாய் என்று வைத்துப் பெருக்கினால் எந்தத் தொகையும் வரும். 5 லட்சம் என்ற எண்தான் என்னைத் தூங்கவிடவில்லை. இவர்களில் ஒருவருடைய இறப்புச் சான்றிதழிலும் பாறு இல்லாததால் இறந்தார் என்று எழுதியிருக்காது. வயிற்றுப்போக்கு, காய்ச்சல், நாய்க்கடி என்றுதான் இருக்கும், அதுவும் சான்றிதழ் வாங்கியிருந்தால்.

மும்பை மலபார் ஹில்லில் பார்சிகளின் அமைதிக் கோபுரங்கள் இருக்கின்றன. மண்ணையும் நெருப்பையும் நீரையும் பிணத்தால் தீட்டாக்கக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. உடலைத் திறந்த கோபுரத்தில் வைப்பார்கள், பாறுகள் வந்து முடிக்கும். வழிவழியாக வந்த இந்த ஈமச் சடங்கு கண்ணெதிரே ஒரு தலைமுறைக்குள் முடங்கியது. வெயிலைக் குவிக்கும் பெரிய கண்ணாடிகளை வைத்து உடலை உலர்த்திப் பார்த்தார்கள். மழைக்காலத்தில் அது சரிப்படவில்லை. தகனத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் உண்டு, ஏற்காமல் மனம் வெந்த குடும்பங்களும் உண்டு. பல்லுயிர் என்றதும் நமக்கு மூலிகையும் தேனும் ஞாபகத்துக்கு வரும். ஒரு சமூகம் தன் இறந்தவர்களை எப்படி அனுப்பி வைக்கிறது என்பதும் ஒரு பறவையைச் சார்ந்திருக்க முடியும்.

எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு வருகிறேன். கோபிக்கு அருகே என் மாமா நாலு கறவை மாடு வைத்திருக்கிறார். அதில் ஒன்று ஒரு ராத்திரி வயிறு உப்பிச் செத்துப்போனது. காலையில் நான் போனபோது தொழுவத்துக்குப் பின்னால் ஜேசிபி நின்றது. "ஆஸ்பத்திரிச் செலவு போக, பொதைக்கறதுக்கும் தண்டம் கண்ணு. ரெண்டு மணி நேரத்துக்குக் கொறைஞ்சு வண்டிய எடுக்க மாட்டேங்கறான்" என்றார். குழி தோண்டிய இடத்தில் சுண்ணாம்பு மூட்டை ஒன்று கிடந்தது. தோட்டத்துக்குள் புதைக்கும் அளவுக்கு இடம் இருப்பவர் பாடு பரவாயில்லை. இல்லாதவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக வாய்க்கால் கரையில் தள்ளிவிட்டுப் போவதையும் பார்க்கிறோம்.

"அந்தக் காலத்துல இந்தக் கருமமெல்லாம் இல்ல, ஆளு வந்து இழுத்துட்டுப் போவான், கழுகு பாத்துக்கும்" என்றார் மாமா. அந்த இடத்தில் நான் அவரோடு ஒத்துப்போக முடியாது. இழுத்துக்கொண்டு போன அந்த 'ஆள்' யார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். செத்த மாட்டை அப்புறப்படுத்துவது ஊரில் ஒரு சாதியின் தலையில் கட்டிய வேலை, மறுத்தால் அடி. 1927இல் மகாடு மாநாட்டில் அம்பேத்கர் செத்த மாட்டுக் கறியை விட்டொழியுங்கள் என்று சொன்னதிலிருந்து, இந்தக் கட்டிலிருந்து வெளியே வருவதற்காக எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் போராடியிருக்கிறார்கள். பாறின் வேலை அந்த அநியாயத்தின் மேல் சவாரி செய்துகொண்டிருந்தது. இதைச் சொல்லாமல் பழைய காலத்தைப் புகழ்ந்து எழுதும் இயற்கைக் கட்டுரைகளைப் படித்தால் எனக்கு எரிச்சல் வரும். ஜேசிபி வந்தது நல்லதுதான். ஆனால் ஜேசிபி தோண்டுவது குழி மட்டுமே. அந்தக் குழிக்குள் போன மாட்டில் என்ன நோய் இருந்தது, அது மழையில் எந்தக் கிணற்றுக்குப் போகும் என்பதெல்லாம் அதன் வேலை இல்லை.

பறவைக்குப் பதில் வண்டியை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயினில் ஒரு முழு அளவுச் சோதனையே நடந்திருக்கிறது. ஐரோப்பாவில் பாறுகள் மிகுந்த நாடு அது. மாட்டுப் பித்து நோய் (மேட் கவ்) பரவியதும், செத்த கால்நடைகளை வயலில் விடக் கூடாது, லாரியில் ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோய் அழிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி போட்டது. பாறுகள் பட்டினி கிடந்தன, லாரிகள் ஓடின. அந்த லாரிப் போக்குவரத்து ஆண்டுக்கு 77,000 டன்னுக்கு மேல் கரியமில வாயுவை வெளியிட்டது என்று 2015இல் ஓர் ஆய்வுக் குழு கணக்கிட்டது. செலவு விவசாயியின் காப்பீட்டிலிருந்து போனது. பக்கத்து மலையில் அந்த வேலைக்கென்றே ஒரு பறவை பசியோடு உட்கார்ந்திருந்தது. பிறகு விதியைத் தளர்த்தினார்கள்.

இத்தனைக்கும் ஒரு பாறு இனம்கூட அற்றுப்போய்விடவில்லை. வெண்முதுகுப் பாறு இருக்கிறது, கருங்கழுத்துப் பாறு இருக்கிறது, செந்தலைப் பாறு இருக்கிறது. அழிந்த உயிரினங்களின் பட்டியலில் தேடினால் இவை கிடைக்கா. நம் பள்ளிக்கூடப் பாடமும் பத்திரிகையும் பல்லுயிர் என்றால் எத்தனை இனம் இருக்கிறது, எத்தனை இனம் அழிந்தது என்று எண்ணப் பழக்கியிருக்கின்றன. கடைசிப் புலி, கடைசிக் காண்டாமிருகம் என்றால் பதறுகிறோம். ஆனால் அந்த 5 லட்சம் பேர் இறந்த ஆண்டுகளில் பாறு இனம் உயிரோடுதான் இருந்தது. இல்லாமல்போனது கூட்டம். சடலத்தை முடிப்பது கூட்டத்தின் வேலை. பத்துப் பறவை ஒரு மாட்டைக் கொத்திப் பார்க்கலாம், முடிக்க முடியாது. பத்துப் பறவையால் வானத்தைக் கண்காணிக்கவும் முடியாது. ஒன்று இறங்குவதைப் பார்க்கும் தூரத்தில் இன்னொன்று இருக்க வேண்டுமே. திருக்கழுக்குன்றத்துக்கு இரண்டு போதும். ஊருக்குப் போதாது.

அமெரிக்காவில் வௌவால்களுக்கும் இதுவே நடந்தது. குகைகளில் குளிர்காலத்தைக் கழிக்கும் வௌவால்களை 2006 வாக்கில் ஒரு பூஞ்சை நோய் தாக்கியது. இனம் அழியவில்லை, கூட்டம் சரிந்தது. ராத்திரியில் பூச்சி தின்ன ஆளில்லாததால் விவசாயிகள் பூச்சிக்கொல்லியை 31 சதவீதம் கூடுதலாக அடித்தார்கள். நோய் பரவிய கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) குழந்தை இறப்பு ஏறத்தாழ 8 சதவீதம் கூடியது என்று முன்பு சொன்ன அதே இயால் ஃபிராங்க் 2024இல் சயன்ஸ் இதழில் எழுதினார். வௌவாலுக்கும் தொட்டில் குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது முன்கூட்டியே கேட்டிருந்தால் சிரித்திருப்போம்.

மோயாற்றுக்குப் போக வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. நீலகிரியின் வடசரிவில் முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே அந்த ஆறு ஆழமான பள்ளத்தாக்கில் ஓடுகிறது. தமிழ்நாட்டில் பாறுகள் இன்னும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் முக்கியமான இடம் அதுதான். பறவை பார்க்கும் நண்பர் ஒருவரோடு மசினகுடிப் பக்கம் போயிருந்தேன். வெகுநேரம் வானம் சும்மா கிடந்தது. வெயில் ஏறி, காற்று சூடான பிறகுதான் முதலாவது மேலே வந்தது. இறக்கையை அடிக்கவே இல்லை. வட்டமடித்துக்கொண்டே ஏறியது. ஒரு திருப்பத்தில் உடம்பைச் சாய்த்தபோது முதுகின் கீழ்ப்பகுதியில் அந்த வெள்ளைத் திட்டு தெரிந்தது. அப்படியானால் வெண்முதுகுதான். பைனாகுலரில் கழுத்து தெளிவாக இருந்தது. இறகில்லாத கழுத்து. சடலத்துக்குள் தலையை நுழைக்கிற பறவைக்குக் கழுத்தில் இறகு இருந்தால் ரத்தம் ஒட்டிக் காய்ந்து நாறும். சுத்தத்துக்காக ஏற்பட்ட மொட்டை அது என்று சொல்வார்கள். நாம் அதைப் பார்த்துத்தான் அருவருப்புப் படுகிறோம்.

ஓடையோரத்து நீர்மருது மரங்களில் அவை கூடு கட்டுகின்றன. கூட்டுமரத்தை நண்பர் தூரத்திலிருந்தே காட்டினார். இலையிலும் கிளையிலும் சுண்ணாம்பு தெளித்த மாதிரி எச்சம் படிந்திருக்கும், அதுதான் அடையாளம். கிட்டே போகக் கூடாது என்றார், போகவில்லை.

அங்கேயும் கூட்டத்துக்கு ஆயிரம் தடை. மசினகுடி வட்டாரத்தில் சாணத்துக்காகவே பட்டி மாடுகளை ஆயிரக்கணக்கில் வைத்திருந்தார்கள், எரு கேரளத்துத் தோட்டங்களுக்குப் போனது. அந்த மாடுகள் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டன, அதோடு பாறுக்குத் தீனியும் குறைந்தது. புலியோ சிறுத்தையோ அடித்த மாட்டின் மேல், மாட்டுக்காரர் ஆத்திரத்தில் விஷத்தைத் தடவி வைப்பது உண்டு. புலிக்கு வைத்ததைப் பாறு தின்று கும்பலாகச் சாகும். நஷ்டஈட்டைத் தாமதமில்லாமல் கொடுத்தாலே இதில் பாதி குறையும் என்பது என் அபிப்பிராயம். அப்புறம் உண்ணிச்செடி. காடு முழுக்கப் புதர் மண்டினால் இந்தப் பெரிய பறவை எங்கே இறங்கும்? இறங்கினாலும் தரையில் நாலடி ஓடித்தான் மேலெழும்ப முடியும், ஓட வெட்டவெளி வேண்டும்.

நடந்திருக்கும் வேலையையும் சொல்லியாக வேண்டும். மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் போடுவதை இந்திய அரசு 2006இல் தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட ஆரம்பித்தார்கள். 2015இல் குப்பியின் அளவை 3 மில்லிக்குள் கட்டுப்படுத்தினார்கள். மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் அந்தக் கட்டுப்பாடு சரி என்றது. 2023இல் பாறுக்கு ஆகாத வேறு இரண்டு வலிமருந்துகளான கீட்டோபுரோஃபெனுக்கும் அசெக்ளோஃபெனாக்குக்கும் தடை வந்தது. அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும் என்பதால் முந்தைய தடைக்கே அதுவரை அர்த்தமில்லாமல் இருந்தது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து பாறுகளை எண்ணத் தொடங்கியிருக்கின்றன. முதல் கணக்கெடுப்பில் 246, அடுத்ததில் 320, அதற்கடுத்து 390. பாறுகளைக் காக்க உழைக்கும் அருளகம் போன்ற அமைப்புகள் மருந்துக் கடை மருந்துக் கடையாக, பட்டி பட்டியாக ஏறி இறங்கியதற்கு இதில் பெரிய பங்கு உண்டு.

390 என்பது பத்திரிகையில் மகிழ்ச்சியாகத்தான் வந்தது. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அது மூன்று மாநிலங்களின் காடுகளுக்கும் சேர்த்து. அந்த 390 காட்டுக்குள் செத்த மானையும் காட்டெருமையையும் பார்த்துக்கொள்ளலாம், கோபிச்செட்டிபாளையத்து மாட்டுக்கு வர முடியாது. இனம் பிழைத்திருக்கிறது, வேலை இன்னும் திரும்பவில்லை. வேலை திரும்ப வேண்டுமானால் ஆயிரங்கள் வேண்டும், அவை காட்டைவிட்டு வெளியே வர வேண்டும், வெளியே வந்தால் தின்பதற்கு விஷமில்லாத சடலம் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முட்டை வீதம் பார்த்தால் நான் இருக்கும்போது நடக்காது.

மாமாவின் மாடுகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் இதைப் பேசினேன். இளவயதுக்காரர், விவரமானவர். மாற்று வலிமருந்துகளான மெலாக்சிகாமும் டோல்ஃபெனமிக் அமிலமும் பாறுக்குக் கெடுதல் செய்யாது என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவர் கேட்ட கேள்வி நியாயமானது: "பாறே இல்லாத ஊர்ல பாறுக்கு எதுக்குங்க பாத்து மருந்து போடணும்?"

பாறு ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரம் நமக்கு மலைப்பாக இருக்கும். அதனால்தான் பாறுகள் கூடு கட்டும் இடத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 100 கிலோமீட்டர் தூரத்துக்குக் கெடுதலான மருந்து இல்லாமல் இருந்தால்தான் பாதுகாப்பு வட்டாரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். போனில் வரைபடத்தைத் திறந்து, மசினகுடியை நடுவில் வைத்து வட்டம் போட்டுக் காட்டினேன். வடக்கே மைசூர், மேற்கே கல்பற்றா, தெற்கே கோயம்புத்தூர், கிழக்கே திருப்பூரும் கோபியும் உள்ளே வந்தன. அவர் மருந்து போடும் தொழுவங்களில் முக்கால்வாசி அந்த வட்டத்துக்குள்தான்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். மெலாக்சிகாம் தன்னிடம் இருக்கிறது, தான் அதைத்தான் போடுகிறேன் என்றார். தான் வர நேரமாகிற நாளில் பால்காரர்கள் ஊசி போடத் தெரிந்த யாரையாவது கூப்பிட்டுவிடுகிறார்கள், அவர்கள் பையில் என்ன மருந்து இருக்கிறது என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். அந்த ஆட்களின் பெயர்களை மாமாவிடம் கேட்டேன். மாமா ஆறேழு பேரைச் சொன்னார், இரண்டு பேருடைய போன் நம்பரும் கொடுத்தார்.